ஆண்டுப் பிறப்புக் காலண்டர்: வாங்கலாம், ஆனால் ஜனவரி 1 தாளை நம்பாதீர்கள்

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். 350 ரூபாய்க்கு அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் பசை சரியில்லை, மூன்று தாள்களில் தகவலும் சரியில்லை, எழுத்து வேறு எறும்பு சைஸ். இதற்கு மேல் படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மதுரையில் கீழ ஆவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் உள்ள சிறிய அச்சகக் கடை இந்த 2026 காலண்டரைப் போட்டிருக்கிறது. பார்த்தால் வழக்கமான தினசரி காலண்டர்தான், தேதி கிழிக்கிற ரகம், மேலே மீனாட்சி படம். ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், சூலம் எல்லாம் உண்டு. புதுசு என்னவென்றால், தாளின் அடியில் ஒரு கட்டம் போட்டு, அந்தத் தேதி எந்தக் காலத்தில் எந்த நாட்டில் ஆண்டின் முதல் நாளாக இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாத் தாளிலும் இல்லை. அப்படி இருக்கவும் முடியாது. ஆனால் நாம் நினைப்பதைவிட நிறைய நாட்களுக்கு அந்தப் பெருமை இருந்திருக்கிறது.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் பிழைப்பு. நான் பத்திரம் எழுதுகிறவன், ஊர்ப் பேச்சில் ரைட்டர். பழைய மூலப்பத்திரங்களைப் படித்து இது எந்த வருடத்தில் நடந்த கிரயம் என்று கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டும். வருடத்தின் எண் தெரிந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். போதாது, அந்த வருடம் எந்த நாளில் தொடங்கியது என்று தெரியாவிட்டால் ஒரு வருடம் முன்னே பின்னே போய்விடும். ‘பார்த்திப வருஷம் தை மாதம்’ என்று ஒரு பத்திரத்தில் இருந்தால், பார்த்திப என்றால் 1945 என்று பட்டியலைப் பார்த்து எழுதிவிடுவார்கள். பார்த்திப 1945 சித்திரையில் பிறந்தது, அதன் தை மாதம் வந்தது 1946 ஜனவரியில். அதிலும் அறுபது வருடச் சுற்று என்பதால் அது 1886 ஆகவும் இருக்கலாம், முத்திரைத்தாளையும் ஆட்களின் பெயர்களையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் காலண்டரின் கடைசியில் நாலு பக்கத்துக்கு ஒரு மாற்று அட்டவணை இருக்கிறது. தமிழ் வருடப் பெயர், பசலி (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு), கொல்லம் (மலையாள ஆண்டு), சக ஆண்டு (தேசிய நாட்காட்டியின் ஆண்டு), ஆங்கில ஆண்டு எல்லாம் பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் மாறுகிறது என்ற குறிப்போடு. என்னைக் கேட்டால் 350 ரூபாயில் 300 அந்த நாலு பக்கத்துக்குத்தான்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 1 தாளில், ‘போப் கிரிகோரி 1582-இல் ஜனவரி 1-ஐ ஆண்டுப் பிறப்பாக அறிவித்தார்’ என்று போட்டிருக்கிறார்கள். அவர் செய்தது வேறு வேலை. நாட்காட்டி வெயிலின் கணக்கிலிருந்து பத்து நாள் விலகிப்போயிருந்தது, அதைச் சரிசெய்ய அந்த வருடம் அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 ஆக்கினார், நூற்றாண்டுகளின் லீப் வருடக் கணக்கைத் திருத்தினார். ஜனவரி 1 அதற்கு முன்பே பழைய ஆள். ரோமாபுரியில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரு தலைவர்கள் கி.மு. 153-லிருந்து ஜனவரி 1 அன்று பதவியேற்றார்கள், அதற்கு முன் மார்ச்சில்தான் ஏற்றார்கள். கி.மு. 45-இல் ஜூலியஸ் சீசர் நாட்காட்டியைத் திருத்தியபோதும் அதே ஜனவரி 1-தான். திருத்துவதற்கு முந்தைய வருடத்தை 445 நாளுக்கு இழுத்துச் சரிக்கட்டினார்கள் என்ற சுவையான தகவலையும் கட்டத்தில் விட்டுவிட்டார்கள், இடம் இருந்தும்.

அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் கதை. கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கு இந்த ரோமாபுரி நாள் பிடிக்கவில்லை. சில ஊர்கள் டிசம்பர் 25-ஐ ஆண்டின் முதல் நாளாக்கின. சில ஊர்கள், கபிரியேல் தூதர் மரியாளுக்குச் செய்தி சொன்ன நாள் என்று மார்ச் 25-ஐ எடுத்துக்கொண்டன. வெனிஸ்காரர்கள் மார்ச் 1. பிரான்சின் அரசவை ஈஸ்டரை எடுத்துக்கொண்டது, இதைத்தான் நான் நம்ப முடியாமல் இரண்டு முறை படித்தேன். ஈஸ்டர் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு தேதியில் வரும். அதனால் ஒரு வருடம் பதினோரு மாதத்தில் முடியும், இன்னொரு வருடம் பதின்மூன்று மாதம் ஓடும், ஏப்ரலில் ஒரே தேதி ஒரே ஆண்டெண்ணில் இரண்டு தடவை வரக்கூடும். அப்படி ஒரு தேதியில் எழுதிய பத்திரத்தை என்னிடம் கொண்டுவந்தால் நான் கடையை மூடிவிட்டுப் போய்விடுவேன். 1564-இல் அந்நாட்டு அரசர் ஜனவரி 1 என்று ஆணையிட்ட பிறகுதான் அந்தக் கூத்து ஓய்ந்தது, அதுவும் நடைமுறைக்கு வர மூன்று வருடம் ஆனது.

மார்ச் 25 தாள் இந்தக் காலண்டரிலேயே நல்ல தாள். அதில் பைசா, புளோரன்ஸ் என்ற இரண்டு இத்தாலிய ஊர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மதுரையிலிருந்து காரைக்குடி போகிற தூரம்தான். இரண்டு ஊருக்கும் மார்ச் 25-தான் ஆண்டுப் பிறப்பு. ஆனால் பைசாக்காரர்கள் இயேசு கருவான நாளிலிருந்து எண்ணினார்கள், புளோரன்ஸ்காரர்கள் அதற்கு அடுத்த மார்ச் 25-லிருந்து எண்ணினார்கள். அதனால் ஒரே காலையில் பைசாவில் 1501, புளோரன்சில் 1500. காலையில் ஒரு ஊரில் கடன் பத்திரம் எழுதிவிட்டு அடுத்த நாள் அடுத்த ஊருக்குப் போனால், போன வருடத்துக்குப் போய்ச் சேரலாம். இது கிட்டத்தட்ட 1750 வரைக்கும் ஓடியது என்றால் அந்த ஊர் ரைட்டர்களுக்கு எவ்வளவு வருமானம் இருந்திருக்கும்!

அதே தாளில் இங்கிலாந்துக்கும் இதுதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், எதுவரைக்கும் என்று போடவில்லை. நம்மை ஆண்டவர்கள் சமாச்சாரம், நம் ஆவணங்களில் நேரடியாக வருகிற சமாச்சாரம், அதற்குத்தான் நாலு வரி கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும். நானே சொல்கிறேன். இங்கிலாந்தில் சட்டப்படி 1751 வரைக்கும் மார்ச் 25-தான் ஆண்டின் முதல் நாள். பக்கத்தில் இருக்கிற ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரிக்கு மாறிவிட்டது, ஒரே ராஜா ஆளத் தொடங்கிய பிறகும் இரண்டு நாட்டுக்கும் மூன்று மாதம் வேறு வேறு வருடம். முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியது நம் கணக்கில் 1649 ஜனவரி 30, அன்றைய ஆங்கிலேயர் எழுதிவைத்தது 1648. கடைசியில் சட்டம் போட்டு 1751-ஐ மார்ச் 25-இல் தொடங்கி டிசம்பர் 31-இல் முடித்துவிட்டார்கள், அந்த வருடத்துக்கு 282 நாள்தான். அடுத்த வருடம் செப்டம்பர் 2-க்குப் பிறகு 14 என்று பதினோரு நாளையும் தூக்கினார்கள். அப்போது இங்கிலாந்தின் கீழிருந்த அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது வீட்டில் குறித்த தேதி 1731 பிப்ரவரி 11, இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. நாளும் மாறியது, வருடமும் மாறியது, மனிதர் ஒருவர்தான்.

நமக்கு இதில் என்ன? சென்னைக் கோட்டையைக் கட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கியது 1640 பிப்ரவரி. அவர்கள் கணக்கில் அது இன்னும் 1639. அதனால்தான் அந்தக் காலக் கம்பெனிக் கடிதங்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத் தேதிகளில் 1639/40 என்று கோடு போட்டு இரண்டு வருடமாக எழுதியிருப்பார்கள். கோடு போடாமல் எழுதியிருந்தால் படிக்கிறவர் பாடு. 1751-க்கு முந்தைய ஆங்கில ஆவணம் எதைப் பார்த்தாலும் முதல் மூன்று மாதத் தேதிகளில் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

ஏப்ரல் 1 தாளை அப்படியே கிழித்துப் போட்டுவிடலாம். எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிற அதே கதை: முன்பு ஏப்ரல் 1-தான் புத்தாண்டாம், ஜனவரிக்கு மாற்றிய பிறகும் பழையதைக் கொண்டாடியவர்களை முட்டாள் என்றார்களாம். பிரான்சில் ஆண்டு பிறந்தது ஈஸ்டரில், இங்கிலாந்தில் மார்ச் 25-இல். இங்கிலாந்து மாறுவதற்கு அறுபது வருடங்களுக்கும் மேல் முன்பே, 1686-இல் ஒருவர் அங்கே முட்டாள்கள் தினம் ஏப்ரல் முதல் தேதியில் நடப்பதாகக் குறித்துவைத்திருக்கிறார். மாற்றமே நடக்காத காலத்தில் மாற்றத்தைக் கேலி செய்ய முடியாது. ஏப்ரல் 1-க்கு உருப்படியாகப் போட ஒரு விஷயம் கைவசமே இருந்தது, நம் நிதியாண்டு. 1867-லிருந்து ஏப்ரல் 1, அதற்கு முன் மே 1-இல் தொடங்கியது. கடைக்காரர்கள் வாங்குகிற காலண்டரில் அது இல்லாதது ஆச்சரியம்தான்.

இனி நம்ம சரக்கு. சித்திரை 1, அதாவது ஏப்ரல் 14 தாளில், ‘இரவும் பகலும் சமமாக உள்ள நாள்’ என்று போட்டிருப்பது தவறு. சமமான நாள் மார்ச் 20, 21-லேயே போய்விட்டது. சூரியன் மேஷ ராசியில் நுழைவதை நட்சத்திரக் கணக்கில் பார்ப்பதால் நம் வருடம் பருவங்களின் வருடத்தைவிடக் கொஞ்சம் நீளம், சுமார் அறுபது வருடத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். சுமார் 1500 வருடத்துக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன, இப்போது 24 நாள் இடைவெளி. விஞ்ஞானி மேகநாத் சாஹா தலைமையிலான அரசுக் குழு இதைச் சரிசெய்யத்தான் தேசிய நாட்காட்டிக்கு மார்ச் 22-ஐ முதல் நாளாக வைத்தது, 1957-இல் நடைமுறைக்கும் வந்தது, அரசிதழில் இருக்கிறது, வீட்டுச் சுவரில் இல்லை.

ஆனால் அதே தாளில் ஒரு நல்ல குறிப்பு உண்டு. சூரியன் ராசி மாறுவது மாலை அஸ்தமனத்துக்கு முன் என்றால் நமக்கு அன்றைக்கே மாதப் பிறப்பு, பின் என்றால் மறுநாள். கேரளத்தில் அந்த எல்லை நண்பகலைக் கொஞ்சம் தாண்டியதும் வந்துவிடும். அதனால்தான் சில வருடங்களில் நமக்கு 14-ஆம் தேதி சித்திரை பிறக்கும், அவர்களுக்கு விஷு 15. ‘எது சரி’ என்று ஒவ்வொரு வருடமும் சண்டை போடுகிறவர்கள் வீட்டில் இந்தத் தாளை ஒட்டிவைக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆவணி 1 தாள். தொல்காப்பியம் பருவங்களைக் கார்காலத்தில் தொடங்கித்தான் வரிசைப்படுத்துகிறது. அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், சிங்க ஓரை முதலாகக் கற்கடக ஓரை ஈறாக வருவதுதான் ஓர் யாண்டு என்கிறார். அதாவது ஆவணியில் தொடங்கி ஆடியில் முடிவது. அவர் யார்? மதுரைக்காரர். அதையும் தாளில் சரியாகப் போட்டு, மேஷத்தைத் தலையாகச் சொல்லும் நெடுநல்வாடையின் ‘ஆடு தலையாக’ வரியையும் பக்கத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். அதைப் பாடிய நக்கீரரும் மதுரைக் கணக்காயனார் மகன். ஆக சித்திரையா ஆவணியா என்ற பஞ்சாயத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஊர்க்காரரே சாட்சி. என் கருத்து, நக்கீரர் சொல்வது ராசிகளின் வரிசையை, ஆண்டின் முதல் நாளை அல்ல. நச்சினார்க்கினியர் ஆண்டையே சொல்கிறார். சரி, இதை வைத்துக்கொண்டு யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். நம்ம கோயிலிலும் பாருங்கள், சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஆவணியில் சொக்கநாதருக்கு, ஆட்சி கை மாறுகிற இரண்டு மாதமும் அவைதான். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, காலண்டரும் சொல்லவில்லை, அந்த அடக்கம் பிடித்திருந்தது.

ஆவணி 1 தாளிலேயே கொல்லம் ஆண்டும் இருக்கிறது. கி.பி. 825-லிருந்து எண்ணுவது. தெற்கே சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில் தொடங்கும், வடக்கு மலபாரில் ஒரு மாதம் தள்ளிக் கன்னியில். செங்கோட்டைப் பக்கத்துப் பழைய பத்திரம் வந்தால் இது கட்டாயம் வேண்டும், 1956 வரை அது திருவிதாங்கூர் பக்கம். கொல்லம் 1048 என்றால் ஆவணி முதல் டிசம்பர் வரை 1872, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 1873. அட்டவணையில் இதைச் சரியாகப் பிரித்திருக்கிறார்கள்.

தை 1 தாளைத் திருப்பும்போது கொஞ்சம் பயத்தோடுதான் திருப்பினேன். 2008-இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது, 2011-இல் அது விலக்கப்பட்டது. இரண்டையும் இரண்டு வரியில் போட்டு, வாதம் எதுவும் செய்யாமல் விட்டுவிட்டார்கள். கடையில் கேட்டேன். “ரைட்டரே, எனக்கு ரெண்டு கட்சிக்காரவுகளும் கஸ்டமர்” என்றார் அண்ணாச்சி.

ஜூலை 1 தாள் வருவாய்த்துறைப் பக்கம் போய்வருகிறவர்களுக்கானது. பசலி ஆண்டு 1436 அன்றைக்குப் பிறக்கிறது. சிட்டா, அடங்கல் வாங்கும்போது மேலே பசலி எண் பார்த்திருப்பீர்கள், ஜமாபந்தி ஏன் மே, ஜூன் கத்திரி வெயிலில் நடக்கிறது என்று நொந்திருப்பீர்கள், பசலி முடிவதற்குள் கிராமக் கணக்கை முடிக்க வேண்டும் என்பதால்தான். காரணத்தைக் கட்டத்தில் அழகாகவே சொல்லியிருக்கிறார்கள். இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை வைத்து 354 நாள், வருடாவருடம் பதினோரு நாள் முன்னால் வந்துவிடும். வரியை அந்தக் கணக்கில் கேட்டால் சில வருடங்களில் அறுவடைக்கு முன்பே அதிகாரி வாசலில் நிற்பார். அதனால் அக்பர் காலத்தில் ஹிஜ்ரி எண்ணையே வைத்துக்கொண்டு, நடையை மட்டும் விளைச்சலோடு ஓடுகிற சூரிய ஆண்டாக மாற்றினார்கள். தெற்கே அது வந்தது ஷாஜகான் காலத்தில், அதனால் வடக்கத்திப் பசலி எண்ணும் நம்முடையதும் ஒன்றாக இருக்காது. இங்கே ஆடி முதல் தேதியை ஒட்டித் தொடங்கிக்கொண்டிருந்ததை 1855-இல் ஜூலை 1 என்று நிறுத்தினார்கள். கணக்கு எளிது, ஜூலைக்குப் பிறகு பசலியோடு 590-ஐக் கூட்டுங்கள், ஜனவரிக்குப் பிறகு 591. இதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம், வி.ஏ.ஓ. அலுவலக வாசலில் பாதிப் பேருக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

செப்டம்பர் தாள்களும் சுமாரில்லை, நன்றாகவே இருக்கின்றன. செப்டம்பர் 1 கான்ஸ்டாண்டினோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) பழைய ஆண்டுப் பிறப்பு, உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணுகிற கணக்கு. ரஷ்யாவும் அதையே பின்பற்றியது. 7208-ஆம் ஆண்டு தொடங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது, அந்நாட்டு மன்னர் மகா பீட்டர் அதை அப்படியே நிறுத்தி 1700 ஜனவரி 1 என்று புதுக்கணக்கு போட்டுவிட்டார். செப்டம்பர் 11 எத்தியோப்பியாவுக்கு, இந்த வருடம் அன்று சூரியன் மறைந்ததும் யூதர்களின் ஆண்டும் பிறக்கிறது. அவர்களுக்கு மாத எண்ணிக்கை வசந்தத்து நிசானில் தொடங்கும், ஆண்டின் எண் மாறுவது ஏழாம் மாதமான திஷ்ரியில், நம் பார்த்திபத் தலைவலி அங்கேயும் உண்டு. செப்டம்பர் 22 பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1792-லிருந்து எண்ணத் தொடங்கிய நாள், நெப்போலியன் 1806 ஜனவரி 1-இல் அதற்கு மூடுவிழா நடத்தினார்.

உகாதி, பாரசீகர்களின் நவ்ரூஸ், குஜராத்திகளின் தீபாவளிக்கு மறுநாள் எல்லாம் உண்டு, ஒவ்வொரு வரிதான். சீனா பற்றி எதுவுமே இல்லை, சின் பேரரசு பத்தாம் மாதத்தில் ஆண்டைத் தொடங்கியதும் கி.மு. 104-இல் அது மாற்றப்பட்டதும் நல்ல தாளாக வந்திருக்கும்.

பொருளைப் பற்றி. அட்டை கெட்டி. தாள் மெல்லிசு, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிறது. பசைதான் பெரிய குறை, மின்விசிறிக்கு நேரே மாட்டியதில் ஜூன் மாதக் கட்டு மொத்தமாகக் கழன்றுவிட்டது, கிளிப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். குறிப்புள்ள தாள்களைக் கிழித்து எறிய மனம் வராது, அதற்கு ஒரு பை கொடுத்திருக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஏப்ரல் 14 தாள்களில் உள்ள தவறுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன், அண்ணாச்சி வாங்கிப் பில் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார், அடுத்த வருடம் திருத்துகிறாரா பார்ப்போம்.

சுவரில் தேதி பார்க்க மட்டும் காலண்டர் வேண்டும் என்றால் ஜவுளிக்கடையில் சும்மா கொடுப்பதே போதும். பத்திரம், பட்டா, குடும்ப வரலாறு என்று பழைய தாள்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் வாங்குங்கள். அட்டவணையை மட்டும் தனியாக 60 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள், ஆனால் வெளியே வைப்பதில்லை, கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுப்பார்கள். ஜிபே உண்டு, மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு வரை கடை சாத்தியிருக்கும்.